'தெரியாது' என்று சொல்லாத துபாஷி

கேட்ட கேள்விக்கு 'தெரியாது' என்று ஒரு முறைகூடப் பதில் சொல்லாத மனிதன் இந்தப் பூமியில் ஒரே ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவன் ஆம்பூரில் பிறந்து, வேலூரில் எங்கள் கல்லூரியில் சமூகப்பணி படித்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. எங்களுக்கு அவன் துபாஷி. இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறவரை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைப்பார்களாம். சரித்திரப் பேராசிரியர் ஒருவர் கோபத்தில் வைத்த பெயர் அது. அவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

மொழிகள் அவனுக்கு வந்தது உண்மை. வீட்டில் தமிழ், தெருவில் உருது, அம்மா வழியில் தெலுங்கு, அப்பா மெக்கானிக்காக இருந்த ஷூ கம்பெனியில் காதில் விழுந்த இங்கிலீஷ். இந்த நான்கால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் அவனுக்குத் தெரியாத மொழிகளால்தான்.

வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் வேலூரில் எப்போதும் நிறைந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் கடைத்தெருவில் நின்று "போஸ்தோ, போஸ்தோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். துபாஷி அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிறுத்திவிட்டான். போஸ்தோ என்றால் வங்காளத்தில் கசகசா. அந்த மனிதர் வந்ததுதான் வந்தோம் என்று ஊருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போனார்.

"பாத்தியாக்கா, அவருக்கும் ஒரு வேல முடிஞ்சிது" என்றான் என்னிடம். நான் பிசியோதெரபி, அவனுக்கு ஒரு வருடம் சீனியர். "கேக்கறவங்கள சும்மா அனுப்பக்கூடாதுக்கா. பாவம், எவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க."

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சீனாவின் தென்மேற்கில் மலைப்பகுதி ஊர் ஒன்றுக்கு, கோடை விடுமுறையில் ஐந்து மாணவர்களை அனுப்ப எங்கள் கல்லூரி ஏற்பாடு செய்தது. வாரத்தின் முதல் பாதியில் நகரத்தில் மாண்டரின் வகுப்பு. மறு பாதியில் மலைமேல் ஒரு கிராமத்தில் சேவை. தொழுநோய் வந்து குணமாகி, ஆனால் வீடு திரும்ப முடியாமல் போன முதியவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய மரத்துப்போன பாதங்களைக் கழுவி, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புக்கு அளவெடுக்க வேண்டும். இந்த வேலையெல்லாம் வேலூர்க்காரர்களுக்குப் பழக்கமானது. மொழிதான் பழக்கமில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த அன்று "யாருக்காவது சைனீஸ் தெரியுமா?" என்று சாலமன் சார் கேட்டார். எங்களை அழைத்துப்போக இருந்தவர் அவர்தான். துபாஷி கை தூக்கினான். ஷூ கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த சீன மெக்கானிக்குகளோடு ஒரு மழைக்காலம் முழுக்கத் திரிந்தவனாம். எழுந்து நின்று கணீரென்று மூன்று வாக்கியம் பேசினான். தேர்வுக் குழுவில் ஒருவருக்கும் சீன மொழி தெரியாததால் அவர்கள் ஒருமனதாகத் திருப்தியடைந்தார்கள்.

அந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதன் பொருள் சீன விமான நிலையத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. குடியேற்ற அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, துபாஷி எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், மரியாதையாகக் குனிந்து முதல் வாக்கியத்தைச் சொன்னான். அதிகாரி திடுக்கிட்டுத் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவன் சொன்னது: "மெஷின் கெட்டுப்போச்சு."

எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சீருடைக்காரர்கள் வந்து எங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். சாலமன் சாரின் நெற்றியில் வியர்வை. அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூட வந்த பெண் ஒருத்தி அழத் தொடங்கினாள். துபாஷி இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல எழுந்தான். அது "காரம் ஜாஸ்தி" என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் சார் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னொரு வார்த்த வாயத் தொறந்த, உன்ன இங்கயே வுட்டுட்டுப் போய்டுவேன்" என்றார். இங்கிலீஷ் தெரிந்த ஓர் அம்மாள் வந்த பிறகுதான் எங்களை வெளியே விட்டார்கள்.

மூன்றாவது வாக்கியம் "மெய் வென்தி". பிரச்சினை இல்லை என்று அர்த்தம். துபாஷி அந்த நாட்டில் வாழ்ந்ததே இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

வகுப்பில் லின் டீச்சர் என்ற சின்னப் பெண், ஒரே சொல்லை நான்கு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் நான்கு அர்த்தம் வரும் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தார். துபாஷி நான்கையும் ஒரே மாதிரி, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் 'வாணியம்பாடி, வாணியம்பாடி' என்று கூவுகிற ராகத்தில் சொன்னான். வாங்குவதற்கும் விற்பதற்கும் அங்கே ராகம் மட்டும்தான் வித்தியாசம். சந்தையில் முட்டை வாங்கப் போனவன், முட்டை விற்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டான். கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு, முட்டையை எடுத்துக் காட்டச் சொல்லிக் காத்து நின்றாள். அவன் "மெய் வென்தி" என்றான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.

மலைக் கிராமத்தில் அவனுக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். லுவோ என்ற கிழவர். ஒரு காலத்தில் கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி மலை ஏறியவர். இப்போது வாத்து வளர்த்தார். விரல்கள் மடங்கிப்போன கைகளால் சீனச் சதுரங்கம் ஆடினார், வெட்கமே இல்லாமல் ஏமாற்றினார். துபாஷியும் ஏமாற்றினான். இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டார்கள். அவர் மலைக்கிராமத்துச் சீனத்தில் திட்டுவார், இவன் தமிழில் திட்டுவான்.

"தாத்தா, குதிர எங்கருந்து வந்திச்சு? இப்ப அது செத்துப்போன குதிர. எடுத்து வைங்க கீழ."

கிழவர் அந்தக் குதிரையாலேயே இவன் யானையை வெட்டுவார். நகரத்திலிருந்து நாங்கள் மலையேறும் ஒவ்வொரு முறையும், கிராமத்து வாசலில் பலகையோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் யாரையும் அவர் பார்க்க மாட்டார். துபாஷியைத்தான் தேடுவார்.

அவருடைய வலது பாதத்தின் அடியில் பழைய புண் ஒன்று இருந்தது. வலி தெரியாத பாதம் என்பதால் வாத்துக் குளத்துக்கும் வீட்டுக்குமாக அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தார். நான் வாராவாரம் கழுவி, தடித்த தோலைச் சுரண்டி, நடக்கவேண்டாம் என்று சொல்லச் சொல்வேன். துபாஷி நீளமாக ஏதோ சொல்வான். கிழவர் தலையாட்டிவிட்டு வாத்துகளிடம் நடந்து போவார்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் நாங்கள் மேலே போனபோது வாசலில் கிழவர் இல்லை. வீட்டுக்குள் போர்த்திப் படுத்திருந்தார். காய்ச்சல் கொதித்தது. கட்டைப் பிரித்தபோது வந்த வாடையில் கூட வந்த இரண்டு பெண்களும் வெளியே போய்விட்டார்கள். இரண்டு கால்விரல்கள் கறுத்திருந்தன. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆளே இருக்க மாட்டார்.

ஊர்த்தலைவர் சொல்லியும் கிழவர் வரமாட்டேன் என்றார். அதற்கு மொழி தேவைப்படவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய கூட்டாளி ஒருவரை வருடங்களுக்கு முன்னால் அப்படித்தான் கீழே கொண்டுபோய்க் காலை எடுத்தார்கள் என்றும், திரும்பி வந்தவர் தன் அறையைவிட்டு வெளியே வராமலே செத்துப்போனார் என்றும் ஊர்த்தலைவர் சொன்ன அரைகுறை இங்கிலீஷிலிருந்து புரிந்தது.

நான் துபாஷியிடம் தெளிவாகச் சொன்னேன். "புண்ணச் சுத்தம் பண்ணணும். ஒருவேள கொஞ்சம் எடுக்கவேண்டி வரலாம். வரலன்னா உயிருக்கு ஆபத்து. இத அப்படியே சொல்லு."

அவன் மண்டியிட்டுக் கிழவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு பேசினான். நான் சொன்னதைவிட மிகக் குறைவான சொற்கள் அவை. நடுவில் "மெய் வென்தி" பல தடவை வந்தது. கிழவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலை விட்டார்.

டிராக்டரின் பின் பெட்டியில் வைக்கோல் போட்டு அவரைப் படுக்க வைத்து, பிளாஸ்டிக் தாளைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் மண் சரிந்து பாதை குறுகியிருந்தது. வலது சக்கரம் விளிம்பில் உருண்டபோது கீழே ஆறு தெரிந்தது. துபாஷி கிழவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் எதையோ பேசிக்கொண்டே வந்தான். வாத்துகளைப் பற்றி என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில், நாங்கள் எந்தக் கிராமத்திலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். ஓர் இளம் பெண் டாக்டர் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு நேராக வந்தார். எங்களிடம் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார்; ஆனால் கிழவரின் மலைப்பேச்சு அவருக்கும் நர்ஸுக்கும் பிடிபடவில்லை. பார்த்து முடித்துவிட்டு, தன் முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இன்றைக்கே, என்றார். கிழவர் கைநாட்டு வைக்க வேண்டும்.

துபாஷி என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நான் வேற மாதிரி சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"கால எடுக்க மாட்டாங்க, பிரச்சன இல்லன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. "ஒருவேளன்னு சொல்லச் சொன்னனே? அந்த வார்த்த தெரியாதா உனக்கு?"

"அது பன்னெண்டாவது பாடம்க்கா. நாம ஒம்போதுல இருக்கோம்."

பின்னாலேயே வந்த சாலமன் சார் மெதுவாகச் சொன்னார். "தம்பி, இப்போ அவருக்குப் பாதி நெனவுதான் இருக்கு. ஒண்ணும் சொல்லவேணாம். கைநாட்டு மட்டும் வாங்கு. உயிர் பொழைக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

சார் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. துபாஷி சுவரில் சாய்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், நான் நெறைய அளந்து வுடுவேன். எல்லாருக்கும் தெரியும். ஆனா கைநாட்டுக்காக வுட மாட்டேன். அவரு என்ன நம்பிக் கட்டில வுட்டாரு சார்."

சொல்லிவிட்டு உள்ளே போனான். தடுக்க எங்களுக்கு நேரம் இல்லை. கட்டிலருகில் நின்று, தன் வலது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தான். தன்னைக் காட்டி, தப்பு, தப்பு என்று தெரிந்த சொல்லில் சொன்னான். டாக்டரைக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினான்.

கிழவர் பக்கத்திலிருந்த தகரக் குவளையை எடுத்து அவன் மேல் எறிந்தார். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. சலைன் ஊசியைப் பிடுங்கப் போனவரை நானும் நர்ஸும் அமுக்கிப் பிடித்தோம். அவர் கத்தினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற டாக்டர் கடைசியில் ஒரு வழி சொன்னார். இப்போது அழுகியதை மட்டும் சுரண்டி எடுத்து, மருந்து ஏற்றுவோம். நாளை மாலை வரை பார்ப்போம். சிவப்பு இன்னும் மேலே ஏறினால் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் பால்பாயின்ட் பேனாவால் சிவப்பு நிற்கும் இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் முழுக்க அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர நாங்கள் வேறு ஒன்றும் செய்யவில்லை. காலையில் கோட்டை ஒட்டி நின்றது. கொஞ்சம் தாண்டியதுபோலவும் இருந்தது, ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் தாண்டாததுபோலவும் இருந்தது. கிழவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துபாஷி நீட்டிய கஞ்சியைப் பார்க்கவே இல்லை. நர்ஸ் கொடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொண்டார். இப்படியே போனால் மருந்து மட்டும் என்ன செய்யும் என்று டாக்டர் என்னிடம் முணுமுணுத்தார்.

துபாஷி வெளியே போய் ஒரு சதுரங்கப் பலகை வாங்கி வந்தான். கட்டிலில் கிழவரின் முதுகுப் பக்கம் அதை விரித்தான். கூப்பிடவில்லை. தனக்கும் அவருக்குமாகத் தானே இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கினான். தன் பக்கத்தை உலகச் சாம்பியன் போல ஆடினான். கிழவர் பக்கத்தை, பிறந்ததிலிருந்து பலகையையே பார்க்காத ஆள் ஆடுவது போல ஆடினான். காயைத் தட்டென்று வைத்து ஒவ்வொரு வெட்டையும் சத்தமாக அறிவித்தான். கிழவரின் ரதம் போனது. யானை போனது. திரும்பிப் படுத்திருந்த கிழவரின் தோள் மட்டும் அசைந்தது. அவருடைய ராஜாவைத் துபாஷி வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவரால் தாங்க முடியவில்லை. திரும்பி, மடங்கிய விரலால் ராஜாவை இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட ரதத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தார்.

துபாஷி கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினான். கிழவர் ஒரு வாய் குடித்தார், ஒரு காயை நகர்த்தினார், மறுபடியும் ஒரு வாய் குடித்தார்.

மாலையில் டாக்டர் வந்தபோது சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் குனிந்து பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறுத்த இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும், பாதம் தப்பித்துவிடும், ஒருவேளை மறுபடியும் புண் வரலாம் என்றார் டாக்டர். துபாஷி அந்த 'ஒருவேளை'க்கான சொல்லை அவரிடமே கேட்டு, ராகம் சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு கிழவரிடம் போய், தன் காலில் தொட்டுக் காட்டி, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னான். கிழவர் தன் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டைவிரலை நீட்டினார்.

லின் டீச்சர் விஷயம் கேள்விப்பட்டு அதன் பிறகு வந்து சேர்ந்தார். அவர் அந்த மலைப்பக்கத்துக்காரர் என்பதால் கிழவருக்கும் அவருக்கும் பேச்சு நன்றாக ஒத்துப்போனது. துபாஷி கொடுத்த பொய் வாக்கைப் பற்றிக் கிழவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னேன். டீச்சர் கேட்டார். கிழவர் நீளமாகப் பதில் சொன்னார். டீச்சர் சிரித்துவிட்டார்.

அந்தப் பையன் மலையில் என்ன சொன்னான் என்று கிழவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லையாம். இவ்வளவு நாளும் புரிந்ததே இல்லையாம். 'பிரச்சினை இல்லை' மட்டும் புரிந்ததாம். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றதாம். இந்த முகத்தோடு ஒருவன் பிரச்சினை இல்லை என்றால் பிரச்சினை ரொம்பப் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்து வண்டியில் ஏறினாராம்.

இதைப் போய்த் துபாஷியிடம் சொன்னேன். மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைத் திருப்பிக் கேட்டான்.

"அப்ப என் சைனீஸ் அவருக்குப் புரியவே இல்லையாக்கா?"

அதில் அவன் மனம் உடைந்துபோனது. அடுத்த நாளிலிருந்து லின் டீச்சரின் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்தான். எங்களையும் தூங்கவிடாமல் பாடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னாளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அவனுக்கு அந்த மொழிக்காகவே வேலை கொடுத்தது என்றால் அதற்குக் காரணம் இந்த அவமானம்தான்.

நாங்கள் ஊர் திரும்பிய நாளில் கிழவர் கக்கத்தில் கட்டை ஊன்றி கிராமத்து வாசல்வரை வந்தார். எல்லோரும் தெரிந்த சொல்லில் விடைபெற்றோம். துபாஷி அவர் எதிரில் போய் நின்றான். வாயைத் திறந்தான். நான்கு மொழியும் கொஞ்சம் சீனமும் தெரிந்த அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கிழவர் காத்திருந்தார். டிராக்டர்க்காரர் ஹாரன் அடித்தார்.

சும்மா அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவன் வண்டிப் பக்கம் திரும்பியதும், எனக்குத் தெரிந்த ஓட்டைச் சீனத்தில், "திரும்ப வருவேன்னு சொல்றான்" என்று கிழவரின் காதில் சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, கம்பெனி வேலையாகச் சீனா போன துபாஷி, யாரிடமும் சொல்லாமல் ரயிலும் பஸ்ஸும் மாறி அந்த மலைக்குப் போய்விட்டு வந்தான். கிழவர் வாசலில் பலகையோடு இருந்தாராம். ஆட்டம் முழுக்க ஏமாற்றினாராம். ஏன் அவ்வளவு தூரம் போனாய் என்று போனில் கேட்டேன்.

"வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன் இல்லக்கா? சொன்னப்புறம் போகாம எப்படி?"

அன்று தானே வாய்விட்டுச் சொன்னதாகத்தான் அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்; சொன்னது நான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.